அறுவை சிகிச்சைக்குப் பிந்திய இரண்டாம் வாரம்

மூளையின் தமனி ஒன்றில் நேர்ந்த வெடிப்பை அடைத்துவிட்டு வெளியே வந்த நிபுணர், "ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது" என்று சொன்ன மாத்திரத்தில், வராந்தாவில் காத்திருக்கும் உறவினர் கூட்டம் அபாயம் நீங்கிவிட்டதென்று நிச்சயித்துக்கொண்டு, ஊரிலுள்ள பெரியவர்களுக்குத் தொலைபேசியில் செய்தி சொல்லி, குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டதை எப்பொழுது செலுத்தலாம் என்று யோசிக்கத் தொடங்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்திலும் அவ்வாறே நடந்தது. அந்த ஆறுதலைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் இந்த வியாதியின் இரண்டாம் அத்தியாயம், பெரும்பாலும் நான்காம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில், நோயாளி எழுந்து உட்கார்ந்து இரண்டு வாய் கஞ்சி குடித்துப் பேசவும் தொடங்கிய பிறகு, சந்தடியின்றி ஆரம்பமாகிறது என்ற விஷயத்தைக் குடும்பத்தாருக்கு விரிவாக எடுத்துச் சொல்ல நமது மருத்துவமனைகளில் எவருக்கும் அவகாசம் இருப்பதில்லை. நான் மருத்துவன் அல்லன். அண்ணியின் படுக்கையருகில் அமர்ந்த அனுபவமும், அதன்பின் இந்த விஷயத்தை விடாமல் வாசித்து வந்த பழக்கமுமே எனக்குள்ள யோக்கியதை. அந்த இரண்டாம் அத்தியாயத்தைப் பற்றி, தெரிந்த மட்டும், நிதானமாக எழுத விரும்புகிறேன்.

மூளையைப் போர்த்தியிருக்கும் மூன்று உறைகளில் நடுவிலுள்ளதற்குச் சிலந்திச் சவ்வு என்று பெயர். அந்தச் சவ்வுக்கும், மூளையோடு ஒட்டிக் கிடக்கும் உட்சவ்வுக்கும் இடையில் தெளிந்த நீர் நிரம்பியிருக்கிறது. மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய தமனிகள் யாவும் இந்த நீரில் நனைந்துகொண்டே மூளையின் அடிப்புறத்தில் ஒரு வளையமாகக் கூடிப் பிறகு கிளை பிரிகின்றன. இந்த வளையத்தின் அமைப்பையும் பயனையும் 1664-ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் தெளிவாக விளக்கியவர் ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ்; அந்நூலுக்குப் படம் வரைந்து கொடுத்தவர், பிற்காலத்தில் லண்டன் செயின்ட் பால் ஆலயத்தைக் கட்டிப் புகழ்பெற்ற கிறிஸ்டோபர் ரென். தமனிகள் கிளை பிரியும் அந்தச் சந்திகளில்தான், இரத்தத்தின் மோதலை ஆண்டுக்கணக்கில் தாங்கித் தாங்கிச் சுவர் மெலிந்து, சிறு பை போலப் புடைத்துக்கொள்கிறது. மருத்துவர்கள் இதை அனூரிசம் என்கிறார்கள். வயது வந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய மூவரிடத்தில் இத்தகைய புடைப்பு இருக்கக்கூடும் என்பதும், அவர்களில் மிகப் பெரும்பாலோர் அப்படி ஒன்று இருப்பதையே அறியாமல் பூரண ஆயுள் வாழ்ந்து முடிக்கிறார்கள் என்பதும் இங்கே நினைவில் வைக்கத்தக்கவை; ஏனெனில் இதைப் படித்துவிட்டு யாரும் வீண் பயம் கொள்ளலாகாது.

வெடித்தவர்களின் நிலைமை வேறு. ஒரே கணத்தில் உச்சத்தை அடையும் தலைவலி, வாழ்நாளில் அதுவரை கண்டிராத தலைவலி; வாந்தி; கழுத்து விறைப்பு; சிலருக்கு நினைவு தப்புதல். அடிபடாமல் சிலந்திச் சவ்வுக்கு அடியில் ஏற்படும் இரத்தக் கசிவுகளில் நூற்றுக்கு எண்பத்தைந்து இத்தகைய புடைப்பு வெடிப்பதனால் வருபவையே. வெடித்த இடம் மீண்டும் வெடிப்பது முதல் இருபத்துநான்கு மணி நேரத்தில் அதிகம் என்பதால், அதை விரைவில் அடைத்துவிட வேண்டும் என்பது இன்றைய கொள்கை. 1937-இல் பால்டிமோரில் வால்ட்டர் டாண்டி என்பவர் புடைப்பின் கழுத்தில் முதன்முதலாகக் கிளிப் ஒன்றைப் பொருத்தினார். 1991-இல் குலியெல்மி என்ற இத்தாலிய மருத்துவர், மண்டையைத் திறவாமலே, தொடையிலுள்ள தமனி வழியாக நுண்குழாயைச் செலுத்திப் புடைப்புக்குள் மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருளை நிரப்பும் முறையை உலகுக்கு அறிவித்தார். நமது ஊர்களில் "கிளிப் போட்டார்களா, காயில் வைத்தார்களா" என்று உறவினர் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வது இவ்விரண்டையும் பற்றித்தான். எது செய்தாலும் வெடித்த வாய் அடைபடுகிறது. ஏற்கெனவே சிந்திய இரத்தம் மட்டும் அங்கேயே கிடக்கிறது. தொல்லை அங்கிருந்துதான் பிறக்கிறது.

சிந்திய இரத்தம் தமனிகளைச் சுற்றி உறைந்துவிடுகிறது. அதிலுள்ள சிவப்பணுக்கள் உடனே சிதைவதில்லை. சிதையச் சில நாட்கள் பிடிக்கின்றன. சிதையும்போது அவற்றினுள்ளிருந்து வெளிப்படும் ஹீமோகுளோபின், தமனிச் சுவரைத் தளர்வாக வைத்திருக்கும் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயுவை உறிஞ்சித் தீர்த்துவிடுகிறது. அதே வேளையில், 1988-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்த என்டோதீலின் என்னும், இரத்தக்குழாய்களை இறுக்குவதில் மிகுந்த வல்லமை படைத்த வஸ்து அளவில் பெருகுகிறது. தளர்த்துவது குறைந்து இறுக்குவது மிகுந்தால், தமனிச் சுவரிலுள்ள தசைநார்கள் சுருங்குகின்றன; சுருங்கியவை மணிக்கணக்கில் அன்றி நாள்கணக்கில், சமயத்தில் வாரக்கணக்கில், அப்படியே இருந்துவிடுகின்றன; நாளாக ஆகச் சுவரே வீங்கித் தடித்துவிடுகிறது. சிவப்பணு சிதையும் காலக்கிரமத்தையும் தமனி சுருங்கும் காலக்கிரமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மூன்றாம் நாள் வரை ஏன் ஒன்றும் தெரிவதில்லை, ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை ஏன் உச்சம், மூன்றாம் வாரம் முடிவதற்குள் ஏன் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் ஒருவாறு விடை கிடைத்துவிடுகிறது. ஒரு வியாதி இவ்வளவு துல்லியமாகக் காலம் குறித்துக்கொண்டு வருவது அபூர்வம். குறித்த காலத்தில் வரும் அபாயத்தைக் குறித்த காலத்தில் எதிர்பார்த்திருக்க முடியும் என்பதே எனக்கு இதில் மிகுந்த ஆறுதலளிக்கும் அம்சம்.

இந்தச் சுருக்கத்தைக் கண்ணால் காண்பதற்கு மனிதன் வெகுகாலம் காத்திருக்க வேண்டியிருந்தது. மூளைத் தமனிகளில் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே படம் எடுக்கும் முறையை லிஸ்பன் நகரத்து எகாஸ் மோனிஸ் 1927-இல் கண்டுபிடித்தார். 1949-இல் மெல்போர்ன் நகர நரம்பியல் மருத்துவர் கிரேம் ராபர்ட்ஸன், அனூரிசம் வெடித்து இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து, இரத்தம் இன்றி அழிந்த பகுதிகள் இருக்கின்றனவே, தமனிகளிலோ அடைப்பு ஏதும் காணோமே என்று திகைத்து, உயிரோடிருந்த காலத்தில் அவை தற்காலிகமாகச் சுருங்கியிருக்கக்கூடும் என்று அனுமானித்தார். (அதே ராபர்ட்ஸன் தம் நகரத்து வீட்டுத் தாழ்வாரங்களின் வார்ப்பிரும்பு வேலைப்பாடுகளைப் படமெடுத்து நூல்களாக வெளியிட்டவர். பிறர் பார்த்தும் பாராமல் போவதை நின்று பார்க்கும் சுபாவம் அவருக்கு இரண்டு துறைகளிலும் இருந்திருக்கிறது.) இரண்டே ஆண்டுகளில், 1951-இல், அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரத்து எக்கர், ரீமன்ஷ்னைடர் என்னும் இருவர், உயிருள்ள நோயாளிகளின் எக்ஸ்ரே படங்களில் அச்சுருக்கத்தைப் பிரத்தியட்சமாகக் காட்டினர்.

அதன் பிறகு முப்பது ஆண்டுகள் கழித்து, சி.டி. ஸ்கேன் வந்துவிட்ட காலத்தில், பாஸ்டன் நகரத்து மில்லர் ஃபிஷரும் அவருடைய சகாக்களும் நாற்பத்தேழு நோயாளிகளின் ஸ்கேன்களைப் பரிசீலித்து, 1980-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். இரத்தம் கெட்டியாக உறைந்து கிடந்த இருபத்துநான்கு பேரில் இருபத்துமூவருக்குக் கடுமையான சுருக்கம் வந்தது. இரத்தம் இல்லாதவர்களுக்கும், மெல்லியதாகப் பரவியிருந்தவர்களுக்கும் கடுமையான சுருக்கம் அரிதாகவே வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றைய ஸ்கேனைப் பார்த்தே, அடுத்த வாரம் யாரை அதிக ஜாக்கிரதையோடு கவனிக்க வேண்டும் என்று ஊகிக்கும் வழி அவ்வாறு பிறந்தது. மருத்துவர் வாயிலிருந்து "ஃபிஷர் கிரேடு மூன்று" என்பது போன்ற வார்த்தை விழுந்தால், அது ஆபரேஷனைப் பற்றியது அன்று, வரப்போகும் நாட்களைப் பற்றியது என்று உறவினர் அறிந்துகொள்வது நல்லது.

ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு நோயாளிகளுக்கு ஏதோ ஓர் அளவு சுருக்கம் தென்படுகிறது. ஆனால் அதனால் பேச்சுத் தடுமாறவோ, கைகால் சோரவோ, நினைவு மங்கவோ செய்பவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கினரே. ஒரு குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால், மற்றவை மாறாதிருக்க, அதன் வழிச் செல்லும் திரவம் பதினாறில் ஒரு பங்காகக் குறையும் என்று பௌதிக சாஸ்திரம் சொல்கிறது. அக்கணக்கு அப்படியே பலித்தால் யாரும் தப்ப முடியாது. பெரிய தமனி சுருங்கும்போது அதன் அப்பாலுள்ள நுண்ணிய தமனிகள் தாமே விரிந்து ஈடுசெய்வதனால்தான் பலர் ஒன்றும் அறியாமலே அந்த நாட்களைக் கடந்துவிடுகிறார்கள். அந்த ஈடுசெய்யும் சக்திக்கும் ஓர் எல்லை உண்டு. இரத்த அழுத்தம் தாழ்ந்தாலோ, உடலில் நீர் வற்றினாலோ அந்த எல்லை விரைவில் வந்துவிடுகிறது.

என் அண்ணிக்கு வெடித்தது, மூளையின் முன்புறத் தமனிகள் இரண்டையும் இணைக்கும் சிறிய குறுக்குத் தமனியில். அனூரிசம் மிக அதிகமாக ஏற்படும் இடங்களுள் அது ஒன்று. அதற்கு ஒரு விசேஷம் உண்டு. மற்ற தமனிகள் சுருங்கினால் கை விழும், வாய் கோணும், பேச்சுக் குழறும். பார்த்தவுடன் யாரும் பதறிப்போவார்கள். முன்புறத் தமனிகள் ஊட்டுவதோ நெற்றிப் பக்கத்து மூளையின் உட்புறங்களை. அங்கே இரத்தம் குறைந்தால் மனிதனுடைய முனைப்பு குறைகிறது. கேட்டால் பதில் வரும், தானாகப் பேச்சு வராது. கால் சற்றுத் தொய்யும், படுத்திருப்பவருக்கு அது தெரியாது. உறவினர் கண்ணுக்கு நோயாளி அமைதியாக இளைப்பாறுவதாகவே தோன்றும்.

அண்ணி கணித ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். தீவிர சிகிச்சைப் பிரிவில் அவரைக் கவனித்த நர்ஸ் ஒருவர், முப்பது வயதுகூட நிரம்பாத பெண், வேலைக்கு வரும்பொழுதெல்லாம், "டீச்சரம்மா, நூறிலேருந்து ஏழு ஏழாக் கழிச்சுக்கிட்டே வாங்க" என்பார். நினைவின் தெளிவைச் சோதிக்கும் பழைய முறைதான் அது. ஆனால் அண்ணிக்கு அது வகுப்பறையையே திரும்பக் கொண்டுவந்ததைப் போலிருந்தது. தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று மூச்சுவிடாமல் சொல்லி, இரண்டில் போய் நின்று, "மிச்சம் இரண்டு" என்றும் சேர்த்துக்கொள்வார். இரண்டாம் வாரத்தில் ஒரு மாலை, பார்வை நேரத்தில் நாங்கள் சென்றிருந்தபொழுது, தொண்ணூற்று மூன்று என்று சொன்னவர் அதற்கு மேல் சொல்லவில்லை. முகத்தில் வேதனையோ, குழப்பமோ ஒன்றும் இல்லை. பக்கத்திலிருந்த என் அத்தை, "பாவம், களைச்சுப் போயிட்டா. தூங்கட்டுமே, சிஸ்டர்" என்றார். நர்ஸ் கையிலிருந்த குறிப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இல்லைங்கம்மா, மத்தியானம் இருந்த மாதிரி இல்லை. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டிடறேன்" என்று எழுந்து போனார்.

அதன்பின் எல்லாம் துரிதமாக நடந்தது. நெற்றிப்பொட்டின் மேல் ஒரு சிறு கருவியை வைத்து, எலும்பின் வழியாக ஒலியலைகளைச் செலுத்தி, உள்ளே தமனியில் இரத்தம் ஓடும் வேகத்தை அளந்தார்கள். 1982-இல் ரூன் ஆஸ்லிட் என்ற நார்வே நாட்டு அறிஞர் நடைமுறைக்குக் கொண்டுவந்த டாப்ளர் முறை அது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அமுக்கினால் நீர் வேகமாகப் பீய்ச்சுவது போல, தமனி ஒடுங்கினால் இரத்தத்தின் வேகம் மிகுகிறது. நடுமூளைத் தமனியில் வினாடிக்கு 120 சென்டிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம் கொள்கிறார்கள், 200-ஐத் தாண்டினால் கடுமையான சுருக்கமென்று கருதுகிறார்கள். இந்தக் கருவி படுக்கையருகிலேயே தினந்தோறும் வைத்துப் பார்க்க உகந்தது. ஆனால் நடுமூளைத் தமனியில் நம்பகமானதாயிருப்பதைப் போல முன்புறத் தமனியில் அத்தனை நம்பகமானதன்று. சிலருக்குப் பொட்டெலும்பு தடித்திருந்தால் ஒலி உள்ளேயே புகுவதில்லை. ஆகவே சி.டி. ஆஞ்சியோவும் எடுத்தார்கள். இரண்டு முன்புறத் தமனிகளும் ஒடுங்கிக் கிடந்தன. மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தி இரத்த அழுத்தத்தை வேண்டுமென்றே உயர்த்தினார்கள். மறுநாள் மாலை அண்ணி ஐம்பத்தெட்டு வரை கழித்துச் சொன்னார். அதற்கடுத்த நாள் இரண்டு வரை.

ஒருவருடைய அனுபவத்தைக் கொண்டு சிகிச்சையின் பலனை நிர்ணயித்துவிட முடியாது. அழுத்தத்தை உயர்த்துவது பல ஆண்டுகளாக உலகெங்கும் அனுசரிக்கப்படும் முறை. முன்பு அதனோடு உடலில் மிகுதியாக நீரேற்றுவதும், இரத்தத்தை நீர்க்கச் செய்வதும் சேர்ந்து மும்முறைச் சிகிச்சையாக விளங்கின. பின்னிரண்டும் நன்மையைவிட நுரையீரலில் நீர் கோத்தல் முதலிய தீமைகளையே மிகுவிக்கின்றன என்று கண்டு, இப்பொழுது நீர்ச்சமநிலை குலையாமல் காப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அழுத்தத்தை உயர்த்துவதையே ஒப்புநோக்கிச் சோதிக்க நெதர்லாந்தில் தொடங்கிய ஆராய்ச்சி ஒன்று, போதிய நோயாளிகள் சேராமையால் இடையில் நிறுத்தப்பட்டது. 2018-இல் வெளியான அதன் முடிவில் பலன் நிரூபணமாகவில்லை. எங்கள் மருத்துவர் இவ்வளவையும் மறைக்காமல் சொன்னதற்காக அவரிடம் எனக்குத் தனிப்பட்ட மரியாதை உண்டு.

இனி, இந்த விஷயத்தில் என் சிந்தனையை வெகுகாலம் ஆட்கொண்டிருந்த முரண்பாட்டுக்கு வருகிறேன்.

கால்சியம் தசைநாருக்குள் புகுந்தால்தான் அது சுருங்கும். புகும் வாயிலை அடைத்தால் சுருங்காது என்ற எண்ணத்தின்மேல் நிமோடிபின் என்னும் மருந்தை மூளைத் தமனிகளுக்காகப் பிரயோகித்துப் பார்த்தார்கள். 1983-இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சியில், வெற்று மாத்திரை உட்கொண்ட அறுபது பேரில் எட்டுப் பேருக்குச் சுருக்கத்தால் கடுமையான ஊனமோ மரணமோ நேர்ந்திருக்க, நிமோடிபின் உட்கொண்ட ஐம்பத்தாறு பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. 1989-இல் பிரிட்டனில் 554 நோயாளிகளைக் கொண்டு நடந்த பெரிய சோதனையில், மூளையின் பகுதி இரத்தமின்றி அழிவது நூற்றுக்கு 33 என்பதிலிருந்து 22-ஆகக் குறைந்தது. கேட்பவர்கள், தமனிகள் விரிந்திருக்கும், அதனால் மூளை பிழைத்திருக்கும் என்றே கொள்வார்கள். ஆஞ்சியோ படங்களை எடுத்துப் பார்த்தால், நிமோடிபின் உட்கொண்டவர்களின் தமனிகளும் ஏறக்குறைய அதே அளவு சுருங்கியே இருந்தன. மருந்து பலித்தது, எதற்காக உண்டாக்கப்பட்டதோ அந்த வழியில் பலிக்கவில்லை.

இதன் மறுபக்கம் இன்னும் வியப்பானது. என்டோதீலினைத் தடுக்கும் கிளாஸோசென்டான் என்ற மருந்து, 413 நோயாளிகளிடம் நடந்து 2008-இல் வெளியான சோதனையில், நடுத்தரமும் கடுமையுமான சுருக்கத்தை நூற்றுக்கு 66 என்பதிலிருந்து, மிகுந்த அளவு மருந்து பெற்றவர்களிடத்தில், 23-ஆகக் குறைத்தது. தமனிகள் கண்ணெதிரே விரிந்து நின்றன. மூன்று ஆண்டுகள் கழித்து ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தபொழுது, அவர்கள் எழுந்து நடமாடித் தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்ளும் நிலையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் காணப்படவில்லை. ஜப்பானில் இம்மருந்துக்கு 2022-இல் அனுமதி கிடைத்திருக்கிறது. பிற நாடுகளில் நடந்த அடுத்த பெரிய சோதனையோ மீண்டும் ஏமாற்றத்தையே அளித்தது. மெக்னீஷியமும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தும் இதே நம்பிக்கையோடு சோதிக்கப்பட்டு, முறையே 2012-இலும் 2014-இலும் பலனில்லையென்று முடிவாயின.

தமனியை விரிக்காத மருந்து மூளையைக் காக்கிறது, தமனியை விரித்த மருந்து காக்கவில்லை என்றால், தமனியின் சுருக்கம் ஒன்றே மூளையின் அழிவுக்குக் காரணம் என்ற எண்ணத்தைத் திருத்திக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது. 1944-இல் ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பிரேஸில் நாட்டு இளைஞர் லியாவோ, முயல்களின் மூளை மேற்பரப்பில் மின்செயல் அடங்கும் ஓர் அலை நிமிஷத்துக்குச் சில மில்லிமீட்டர் என்ற வேகத்தில் ஊர்ந்து பரவுவதைக் கண்டார். அறுபது ஆண்டுகளுக்குப் பின், பெர்லின் நகரத்து டிரையரும் அவருடன் சேர்ந்த பல நாட்டு அறிஞர்களும், இரத்தக் கசிவு நேர்ந்தவர்களின் மூளை மேற்பரப்பில் மின்வாய்களை வைத்துப் பார்த்து, அத்தகைய அலைகள் மனிதர்களிடத்திலும் அடுத்தடுத்து எழுவதையும், அவை எழும் நேரமும் நோயாளி திடீரென்று நலிவுறும் நேரமும் பலரிடத்தில் ஒத்துவருவதையும் பதிவு செய்தனர். ஆரோக்கியமான மூளையில் அலை கடந்ததும் இரத்த ஓட்டம் மிகுந்து ஈடுசெய்கிறது. இங்கேயோ அலையைத் தொடர்ந்து நுண்தமனிகள் சுருங்கிவிடுகின்றன. அதனோடு, நுண்குழாய்களில் பொடிப்பொடியாக இரத்தக் கட்டிகள் தோன்றுவதும், வெடித்த முதல் கணத்திலேயே மூளை முழுவதும் பட்ட அதிர்ச்சியும் சேர்கின்றன. எக்ஸ்ரே படத்தில் தெரியும் பெரிய தமனியின் ஒடுக்கம் இவற்றுள் ஒன்று. கண்ணுக்குத் தெரிந்தது அதுவாகையால் ஐம்பது ஆண்டுகள் அதன்மேலேயே எல்லோருடைய கவனமும் நிலைத்திருந்தது.

படத்தில் சுருக்கம் கடுமையாக இருந்தும் மனிதர் தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கலாம். படத்தில் சுருக்கம் சொற்பமாக இருந்தும் மனிதர் மங்கிக்கொண்டிருக்கலாம். ஆகவே மனிதரைப் பார்ப்பதற்கு ஈடான கருவி இன்றுவரை இல்லை. மணிக்கொரு தரம் எழுப்பிப் பெயரைக் கேட்டு, கிழமையைக் கேட்டு, இரு கைகளையும் நீட்டச் சொல்லி, கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, நேற்றைய மனிதரையும் இன்றைய மனிதரையும் மனத்தில் ஒப்பிட்டுக்கொண்டேயிருக்கும் நர்ஸின் உழைப்பை, தூக்கத்தைக் கெடுக்கும் தொந்தரவு என்று நினைத்து முகம் சுளிக்கும் உறவினர்களை நான் அறிவேன். அந்தத் தொந்தரவுதான் சிகிச்சையின் ஜீவநாடி என்பது என் திடமான அபிப்பிராயம். ஒரு நர்ஸுக்கு இரண்டு நோயாளிகளுக்கு மேல் கொடுத்துவிட்டு, விலையுயர்ந்த இயந்திரங்களை வாங்கி அடுக்குவதால் இந்த ஒரு காரியம் நடைபெறாது. உறவினர்க்கும் இதில் பங்கு உண்டு. "எங்க அப்பா இப்படிப் பேசாம இருக்கிற ஆள் இல்லைங்க" என்று பார்வை நேரத்தில் ஒரு மகன் சொல்லும் வார்த்தை, நோயாளியை முன்பின் அறியாத மருத்துவருக்கு வேறெங்கும் கிடைக்காத தகவல்.

நடைமுறையில் உறவினரைக் குழப்பும் சங்கதிகள் இரண்டு, மூன்று உண்டு. முதலாவது நிமோடிபின் மாத்திரை. நான்கு மணிக்கு ஒருமுறை 60 மில்லிகிராம், இரவு பகல் பாராமல், இருபத்தொரு நாள். விழுங்க முடியாதவர்களுக்கு மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கிறார்கள். மாத்திரையால் இரத்த அழுத்தம் தாழ்ந்தால், இரண்டு மணிக்கு ஒருமுறை 30 மில்லிகிராமாகப் பிரித்துக் கொடுப்பதுண்டு. அதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும், நாமாக வேளையைத் தவறவிடலாகாது. இரத்தக் கசிவு என்றவுடன் பிரஷர் மாத்திரையைத்தான் கொடுக்க வேண்டுமென்று நினைத்து, பழைய பிரஷர் மாத்திரைகளை வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுக்க முற்படுபவர்கள் உண்டு. அடைப்பு முடிந்த பிறகு இந்த இரண்டு வாரங்களில் அழுத்தம் தாழ்வதே பெரிய விரோதி.

மற்றொன்று உப்பு. இந்நோயாளிகளுக்கு இரத்தத்தில் சோடியம் குறைவது சகஜம். சிறுநீர் வழியாக உப்பும் நீரும் சேர்ந்தே வெளியேறிவிடுகின்றன. வேறு காரணங்களால் சோடியம் குறைந்தவர்களுக்குத் தண்ணீரைக் குறைப்பது வழக்கமாகையால், இவர்களுக்கும் ஒரு காலத்தில் அப்படியே செய்துவந்தார்கள். நெதர்லாந்து மருத்துவர்கள் 1985-இல், அவ்வாறு நீரைக் குறைக்கப்பட்டவர்களிடத்தில் மூளை அழிவு மிகுதியாயிருப்பதைக் காட்டிய பிறகு அந்த வழக்கம் கைவிடப்பட்டது. "உப்பு குறைஞ்சிருக்குன்னு சொல்றாங்க, ஆனா பாட்டில் பாட்டிலா ஏத்துறாங்களே" என்று கலங்குபவர்களுக்கு இந்தச் சரித்திரம் தெரிந்தால் கலக்கம் தணியும்.

மருந்தாலும் அழுத்தத்தாலும் தேறாதவர்களுக்கு, நுண்குழாயைத் தமனிக்குள் செலுத்திச் சிறு பலூனை ஊதி விரிக்கும் முறை இருக்கிறது. 1984-இல் லெனின்கிராட் நகரத்து ஸுப்கோவ் அதை முதன்முதலில் வெளியிட்டார். பலூன் விரித்த தமனி மீண்டும் சுருங்குவது அரிது. ஆனால் பெரிய தமனிகளுக்கே அது செல்லும், கை தவறினால் தமனியே கிழிந்துவிடக்கூடும்.

அண்மைக் காலத்தில் என் மனத்துக்கு மிகுந்த உற்சாகம் தந்தது வேறொரு செய்தி. தொல்லையெல்லாம் தேங்கிய இரத்தத்திலிருந்து பிறப்பதானால், அந்த இரத்தத்தையே வெளியேற்றினால் என்ன என்ற எளிய கேள்வியை எழுப்பி, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, கனடா ஆகிய நாடுகளின் பத்தொன்பது மருத்துவமனைகள் சேர்ந்து 287 நோயாளிகளைச் சோதித்தன. அடைப்பு முடிந்தவுடன் இடுப்புத் தண்டில் மெல்லிய குழாய் வைத்து, மணிக்கு ஐந்து மில்லிலிட்டர் வீதம் இரத்தம் கலந்த தண்டுவட நீரைச் சில நாட்கள் வடித்தார்கள். ஆறு மாதம் கழித்து மோசமான நிலையில் இருந்தவர்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 44.8, வடிகுழாய் பெற்றவர்களில் 32.6. 2023-இல் வெளியான இந்த முடிவு, கோடிக்கணக்கில் செலவழித்து உண்டாக்கிய மருந்துகள் சாதிக்காததை, எந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியிலும் கிடைக்கக்கூடிய ஒரு குழாய் சாதித்திருப்பதைக் காட்டுகிறது. மூளை வீக்கம் மிகுந்தவர்களுக்கும், நீரோட்டம் தடைபட்டவர்களுக்கும் அது ஆபத்தாகலாம் என்பதால் யாருக்கு உகந்தது என்பதை நிபுணரே நிர்ணயிக்க வேண்டும். ஆனால் "இவருக்கு அது உதவுமா" என்று கேட்பதற்கு உறவினர்க்குப் பூரண உரிமை உண்டு.

அண்ணி வீடு திரும்பினார். மாலை ஆனால் சோர்வு வந்துவிடுகிறது. புதிதாக அறிமுகமானவர்களின் பெயர் தங்குவதில்லை. சந்தடி மிகுந்த கல்யாண வீடுகளுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டிருக்கிறார். இத்தகைய மிச்சங்கள் பிழைத்தவர்களில் மிகப் பலருக்கும் மாதக்கணக்கில் நீடிக்கின்றன. வெளியே காயம் ஒன்றும் தெரியாததால், "எல்லாம் சரியாப் போச்சே, இன்னும் என்ன" என்று கேட்கும் மனிதர்களால் அவர்கள் படும் மனவேதனை அதிகம். புகைப்பவராயிருந்தால் அதை அடியோடு விட வேண்டும். இரத்த அழுத்தத்தை, ஆபத்தான வாரங்கள் கழிந்த பிறகு, கட்டுக்குள் வைக்க வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என்ற நெருங்கிய வட்டத்தில் இருவருக்கு இவ்வியாதி வந்திருந்தால், மற்றவர்கள் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதைப் பற்றி மருத்துவரைக் கலந்தாலோசிப்பது உசிதம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். படுக்கை நெருக்கடியாலோ, செலவுக்கு அஞ்சியோ, நோயாளியை மூன்று வாரம் நிறைவதற்கு முன்பே வீட்டுக்கு அழைத்து வர நேர்ந்தால், மீதி நிமோடிபின் மாத்திரைகளை எண்ணி வாங்கிக்கொண்டு, இரவு இரண்டு மணி வேளைக்கும் எழுப்பிக் கொடுக்க ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள். புறப்படுமுன் அந்த வார்டின் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுப்பினால் முன்னைப்போல் விழிக்கவில்லை, வார்த்தைக்குத் தடுமாறுகிறார், ஒரு கை தாழ்கிறது, அல்லது காரணமின்றி மௌனமாகிவிட்டார் என்று கண்டால், விடியட்டும் என்று காத்திராமல், 108-ஐ அழைத்து, ஆபரேஷன் நடந்த அதே ஆஸ்பத்திரிக்கோ, மூளை அறுவை சிகிச்சைப் பிரிவுள்ள வேறோர் ஆஸ்பத்திரிக்கோ கொண்டுசெல்லுங்கள். சேர்த்தவுடன், கசிவு நேர்ந்து இன்று எத்தனையாவது நாள் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.